குதிகாலும் நுனிக்காலும் – கியர் இறக்கும் கலை

சங்க இலக்கியத்தின் முல்லைத்திணைப் பாடல்களில் தலைவனோடு உடன்வரும் தேர்ப்பாகனை நாம் நன்கறிவோம். வினைமுடித்து மீளும் தலைவன் தன் உள்ளத்து விரைவினை அவனிடமே எடுத்துரைக்கின்றான். அப்பாகனைக் குறிக்கும் 'வலவன்' என்னும் சொல்லிலேயே வல்லமை தொனிக்கக் காண்கிறோம். குதிரைகளை விரையச் செலுத்துவது மட்டும் வல்லமையாகாது. விரைந்து செல்லும் தேரை வேண்டுமிடத்தில் தளர்த்தி, நிலைகுலையாது திருப்புவதும் வல்லமையே. குதிரையின் இடத்தை எஞ்சின் பெற்றுவிட்ட இக்காலத்திலும் இவ்வுண்மை மாறவில்லை. விரைவைக் கூட்டுதல் எளிது; குறைத்தலே அரிது. அவ்வரிய செயலின் ஒரு கூறாகக் கார்ப் பந்தய வீரர்கள் கையாளும் 'குதிகால் – நுனிக்கால்' முறையினை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

கியர், கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் ஆகியவற்றுக்குத் தமிழில் கலைச்சொற்கள் படைக்கப்பட்டுள்ளன. எனினும் ஓட்டுநரும் பணிமனைத் தொழிலாளரும் நாள்தோறும் வழங்கும் சொற்களையே, பொருள் தெளிவு கருதி, ஈண்டு ஆள்கின்றோம்.

மூன்று மிதிகளும் இரண்டு கால்களும்

கையால் கியர் மாற்றும் காரில் ஓட்டுநரின் காலடியில் மூன்று மிதிகள் உள்ளன. இடப்புறம் கிளட்ச், நடுவில் பிரேக், வலப்புறம் ஆக்ஸிலரேட்டர். இடக்கால் கிளட்சுக்கு உரியது. வலக்கால் ஏனைய இரண்டிற்கும் மாறி மாறிச் செல்வது. எனவே விரைவூட்டும் மிதியும் நிறுத்தும் மிதியும் ஒருங்கே அழுத்தப்படுவது பொதுவாக நிகழ்வதில்லை. ஆயின் ஒரு சூழலில் மட்டும் அவ்விரண்டையும் ஒருங்கே இயக்க வேண்டிய தேவை எழுகின்றது. பிரேக் பிடித்துக்கொண்டே வளைவை நெருங்கி, அதே வேளையில் கியரையும் இறக்கும் சூழலே அது.

வளைவுக்குள் நுழையுமுன் வேகம் குறைய வேண்டும். வளைவைக் கடந்ததும் கார் திணறாமல் முன்செல்ல வேண்டும். குறைந்த வேகத்தில் இழுவிசை தரவல்லது கீழ்க்கியரே. ஆகவே வளைவுக்கு முன்னரே கியர் இறக்கப்படல் வேண்டும்.

சுழற்சியின் கணக்கு

எஞ்சின் ஒரு வேகத்தில் சுழல்கின்றது; சக்கரங்கள் வேறொரு வேகத்தில் சுழல்கின்றன. இவ்விரண்டிற்கும் இடையே விகிதத்தை அமைப்பது கியர். இணைப்பதும் பிரிப்பதும் கிளட்ச். ஒரு காரின் மூன்றாம் கியர் விகிதம் 1.4 எனவும், இரண்டாம் கியர் விகிதம் 2.1 எனவும் கொள்வோம். மூன்றாம் கியரில் எஞ்சின் நிமிடத்திற்கு 3000 முறை சுழல்கின்றது எனில், அதே வேகத்தில் இரண்டாம் கியருக்கு இறங்கும்போது 4500 முறை சுழன்றாக வேண்டும். 3000ஐ 2.1ஆல் பெருக்கி 1.4ஆல் வகுப்பின் இவ்விடை கிட்டும்.

நிகழ்வதோ இதற்கு மாறானது. கிளட்சை மிதித்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சினின் சுழற்சி ஏறுவதற்குப் பதிலாக இறங்குகின்றது. சற்று நேரத்தில் 1000 அளவிற்கு வந்துவிடும். பிரேக்கினால் கார் சிறிது தளர்ந்திருப்பினும், சுழற்சிகளுக்கு இடையே பெரும் இடைவெளி எஞ்சி நிற்கும். அந்நிலையில் கிளட்சைத் திடீரென விட்டால், எஞ்சினை மேலே இழுக்கும் சுமை முழுவதும் சக்கரங்களின்மீது விழுகின்றது. கார் குலுங்குகின்றது; கிளட்ச் தகடு தேய்கின்றது. இவை பொருட்செலவோடு போவன.

உயிருக்கு ஊறு செய்யும் தீங்கு வேறொன்று உண்டு. பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்சக்கரங்களின்மேல் சாய்கின்றது. பின்சக்கரங்களுக்குச் சாலையில் உள்ள பிடிப்புக் குறைகின்றது. எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்குச் செல்லும் காரில், பிடிப்புக் குறைந்த அச்சக்கரங்களே மேலும் தடுக்கப்படுகின்றன. அவை வழுக்கத் தொடங்கின், காரின் பின்பகுதி பக்கவாட்டில் வீசிச் சுழலும். விசை முன்சக்கரங்களுக்குச் செல்லும் காராயின், ஸ்டீயரிங்கைத் திருப்பியும் திரும்பாது நேரே செல்ல முற்படும். மழை நனைத்த சாலையில் இவ்விடர் இன்னும் மிகுதி.

செய்முறை

இவ்விடைவெளியை நிரப்பும் உத்தியே நாம் எடுத்துக்கொண்ட முறை. முதலில் வலக்கால் பாதத்தின் முன்பகுதியால் பிரேக்கை உறுதியாக அழுத்த வேண்டும். வேகம் போதிய அளவு குறைந்ததும் இடக்காலால் கிளட்சை மிதித்துக் கியரை மூன்றிலிருந்து இரண்டிற்குக் கொணர வேண்டும். அவ்வேளையில் பிரேக்கின் அழுத்தம் மாறாதவாறு வலப்பாதத்தைச் சற்றே சாய்த்து, அதன் வெளிவிளிம்பாலோ குதிகாலாலோ ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை தட்ட வேண்டும். எஞ்சின் உறுமி மேலெழும். சுழற்சிகள் ஒத்துவரும் அக்கணத்தில் கிளட்சை விட்டால், கியர் மாறியதே தெரியாமல் கார் இழைந்து செல்லும். இவையனைத்தும் ஏறத்தாழ ஒரு நொடியில் முடிந்துவிடுகின்றன.

இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட கார்கள் சிலவற்றில் மிதிகளின் அமைப்பு வேறாக இருந்தது. ஆக்ஸிலரேட்டரே நடுவில் அமைந்திருந்தது. அத்தகைய அமைப்பில் நுனிக்காலால் ஒன்றையும் குதிகாலால் மற்றொன்றையும் இயக்கினர். இன்று பலரும் பாதத்தின் விளிம்பையே பயன்படுத்தினும் பழம்பெயர் நிலைத்துவிட்டது.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இதனை ஓர் இலக்கணச் செய்தியால் எளிதில் உணர்த்தலாம். 'மணி' என்னும் நிலைமொழியோடு 'அடித்தான்' என்னும் வருமொழி சேரும்போது இரண்டு உயிர்கள் நேர்படுகின்றன. இடையே யகரம் உடம்படுமெய்யாகத் தோன்றி 'மணியடித்தான்' என இழையச் செய்கின்றது. மூன்றாம் கியர் நிலைமொழி எனில் இரண்டாம் கியர் வருமொழி. இடையே ஆக்ஸிலரேட்டரில் விழும் அச்சிறு தட்டே உடம்படுமெய்.

முறை வளர்ந்த வரலாறு

தொடக்ககாலக் கியர்ப்பெட்டிகளில் பற்சக்கரங்களின் சுழற்சியை ஓட்டுநரே ஒப்பச் செய்ய வேண்டியிருந்தது. தவறின் பற்கள் உரசிக் கரகரவென ஒலிக்கும். கியரை நியூட்ரலுக்குக் கொணர்ந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தட்டி, மீண்டும் கிளட்சை மிதித்துக் கீழ்க்கியருக்குச் செல்லும் முறை அதனால் தோன்றியது. பழைய லாரிகளை ஓட்டிய நம் ஓட்டுநர்கள் 'டபுள் கிளட்ச்' என்று கூறுவது இதனையே. அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் 1928இல் சின்க்ரோமெஷ் என்னும் அமைப்பினைத் தன் காரில் அறிமுகப்படுத்தியது. அதன்பின் கியர்ப்பெட்டியின் உள்ளே பற்சக்கரங்களை ஒப்பச் செய்யும் பணியை இயந்திரம் ஏற்றது. ஆயினும் கிளட்சுக்கு அப்பால் உள்ள எஞ்சினின் சுழற்சியை அது ஒப்பச் செய்வதில்லை. குதிகால் – நுனிக்கால் முறையின் தேவை அதனால் நீடித்தது.

இக்கலையில் வல்லோருள் பிரேசில் நாட்டு அயர்டன் சென்னா குறிப்பிடத்தக்கவர். 1988, 1990, 1991 ஆகிய ஆண்டுகளில் ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வென்ற அவர், 1994இல் இத்தாலியின் இமோலா பந்தயத்தில் உயிர்நீத்தார். ஜப்பானின் சுசூகா பந்தயத் தடத்தில் அவர் ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரை ஓட்டிய படக்காட்சி புகழ்பெற்றது. பந்தயக் காலணியின்றிச் சாதாரணக் காலணி அணிந்த அவர் பாதம், பிரேக்கை விடாமலே ஆக்ஸிலரேட்டரைத் தட்டுவதை அதில் காணலாம். 1991இல் அவர் பட்டம் வென்ற மெக்லாரன் எம்பி4/6 காரே, கையால் கியர் மாற்றும் அமைப்புடன் உலகப் பட்டம் பெற்ற இறுதி ஃபார்முலா ஒன் கார். ஸ்டீயரிங்கின் பின்னுள்ள துடுப்பினால் கியர் மாற்றும் ஃபெராரி கார் 1989இலேயே பிரேசில் பந்தயத்தில் வென்றுவிட்டது. சாலைக் கார்களிலும் மாற்றம் வந்தது. 2009ஆம் ஆண்டு மாடலாக வெளிவந்த நிஸான் 370 இசட் காரில், கையால் கியரை இறக்கும்போது எஞ்சினின் சுழற்சியைக் கணிப்பொறியே உயர்த்தித் தந்தது. மின்சாரக் கார்கள் பெரும்பாலானவற்றில் மாற்றுவதற்குக் கியரே இல்லை.

மலைப்பாதையில் நமக்குள்ள பாடம்

அங்ஙனமாயின் பந்தயத் தடத்திற்கு உரிய இக்கலையால் நமக்கென்ன பயன் என வினவலாம். கால்வேலை நமக்கு இன்றியமையாததன்று; அதன் அடிப்படையாகிய சுழற்சிக் கணக்கு இன்றியமையாதது. வல்வில் ஓரியின் கொல்லிமலைக்குச் செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவுகள். இத்தகைய சரிவுகளில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறுகின்றது, உராய்வு குறைகின்றது, பிரேக் எண்ணெய் கொதித்தால் மிதி வெறுமனே கீழிறங்கும். கீழ்க்கியரில் இறங்கினாலோ எஞ்சினே காரைப் பிடித்து நிறுத்துகின்றது. ஏறுவதற்கு வேண்டிய கியரே இறங்குவதற்கும் வேண்டும் என்பது மூத்த ஓட்டுநர்களின் வாய்மொழி.

இதில் காலம் அறிதல் மிகமிக இன்றியமையாதது. சரிவு தொடங்குமுன்னரே கியரை இறக்கிவிட வேண்டும். பாரமேற்றிய லாரி சரிவில் விரைவு கொண்டபின் ஓட்டுநர் கியரை நியூட்ரலுக்குக் கொணர்ந்தால், சுழற்சிகள் ஒவ்வாமையால் கீழ்க்கியர் விழ மறுக்கும். மேற்கியரும் இல்லை, கீழ்க்கியரும் இல்லை என்னும் நிலையில் வண்டி கட்டற்று ஓடும். எரிபொருளை மிச்சப்படுத்தக் கருதி நியூட்ரலில் இறங்குவோரும் இவ்விடரையே தேடிக்கொள்கின்றனர். மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் இக்கால எஞ்சின்கள், கியரில் இருந்தவாறே ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கும்போது எரிபொருளை அறவே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாதிருக்கவே எரிபொருள் வேண்டும். ஆகவே அவர்கள் கருதும் சிக்கனமும் அங்கில்லை.

மாணவர்களுக்கு ஒன்று கூற விழைகின்றோம். குதிகால் – நுனிக்கால் முறையைப் பொதுச்சாலையில் பழக முயலற்க. பிரேக்கிலிருந்து கால் நழுவினால் விளைவது விபத்தே. சாலையில் முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறைத்து, பின்னர் அவ்வேகத்திற்கேற்ற கியருக்கு வந்து, கிளட்சை மெல்ல விடுதலே போதுமானது. தடையும் விரைவும் ஒரே காலின் ஆளுகையில் இருக்கும்போது, எதனை எப்போது எவ்வளவு அழுத்துவது என்னும் தெளிவே வல்லமை. அத்தெளிவு உடையவனை வலவன் என்று அழைப்பதில் தவறில்லை.