காப்பிக் கடையும் கல்லூரியும் ஆலய மணியும்

காப்பிக்குப் பேர்போன ஊர் எது என்று நம்மைக் கேட்டால் கும்பகோணம் என்போம். அமெரிக்கர்களைக் கேட்டால் சியாட்டில் என்பார்கள். அந்நாட்டின் வடமேற்கு மூலையில், கடலும் மலையும் சூழ, குளிர்காலம் முழுவதும் மேகமும் தூறலுமாக இருக்கும் துறைமுகப் பட்டணம் அது. உலகெங்கும் கிளை பரப்பியிருக்கும் ஸ்டார்பக்ஸ் நிறுவனத்தின் முதல் கடை 1971-ஆம் ஆண்டு அங்கேதான் திறக்கப்பட்டது. தெருவுக்குத் தெரு காப்பிக் கடை. கடைக்குக் கடை இளவயதுச் சிப்பந்திகள்.

இந்தச் சிப்பந்திகளில் பலர் மாணவர்கள். கடையில் வேலை முடிந்ததும் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாலைக் கல்லூரிக்கு ஓடுகிறார்கள். அவர்களிலே ஆலயப் பற்று உள்ளவர்களும் உண்டு. ஞாயிறு ஆராதனை, வார நடுவில் பாடகர் குழுவின் ஒத்திகை, ஞாயிறு பள்ளியில் சிறுவர்களுக்கு வேதபாடம் என்று அதற்கும் நேரம் ஒதுக்கியாக வேண்டும்.

படிப்பு, பிழைப்பு, பக்தி இம்மூன்றையும் ஒரே வாரத்துக்குள் அடக்க முடியுமா? முடியும் என்றுதான் கணக்குச் சொல்கிறது. ஆனால் நடைமுறையில் பலருக்கு முடியாமல் போகிறது. அது ஏன் என்று பார்ப்போம்.

வாரத்தில் 168 மணி

முதலில் கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 'கம்யூனிட்டி காலேஜ்' என்று ஒரு வகைக் கல்லூரி இருக்கிறது. உள்ளூர் மக்களுக்காக, குறைந்த கட்டணத்தில், இரண்டாண்டுப் படிப்பு சொல்லித் தரும் அரசாங்கக் கல்லூரி. இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901-இல் ஆறே மாணவர்களோடு ஆரம்பித்த கல்லூரிதான் இவற்றுக்கு முன்னோடி. சியாட்டில் நகரத்தின் மத்தியக் கல்லூரி 1966-இல் தொடங்கியது. இத்தகைய கல்லூரிகளில் படிப்போரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பகுதி நேர மாணவர்கள். அதனால் மாலை வகுப்புகளுக்கு அங்கே முக்கிய இடம் உண்டு.

பாடங்களை அங்கே 'கிரெடிட்' என்ற கணக்கில் அளக்கிறார்கள். ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு ஒரு மணி வகுப்பு, இரண்டு மணி வீட்டுப் படிப்பு. ஆகவே ஐந்து கிரெடிட் பாடம் ஒன்றை எடுத்தால் வாரத்தில் 15 மணி நேரம் அதற்கே போய்விடும்.

இப்போது ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். அவள் ஐந்து கிரெடிட் பாடம் இரண்டு எடுத்திருக்கிறாள். அதற்கு 30 மணி. காப்பிக் கடையில் 25 மணி. ஆலயத்துக்கு 5 மணி. பஸ் பிரயாணத்துக்கு 10 மணி. சமையல், சாப்பாடு, குளியல், துணி துவைத்தல் எல்லாவற்றுக்கும் நாளுக்கு மூன்று மணி வீதம் 21 மணி. தூக்கம் நாளுக்கு எட்டு மணி வீதம் 56 மணி. கூட்டிப் பாருங்கள்: 147. வாரத்தில் உள்ளவை 168 மணி. இன்னும் 21 மணி, அதாவது நாளுக்கு மூன்று மணி, மிச்சமிருக்கிறது!

அப்படியானால் கஷ்டம் எங்கிருந்து வருகிறது?

இரவு பூட்டி, விடியுமுன் திறந்து

காப்பிக் கடை வேலை உட்கார்ந்து செய்கிற வேலை அல்ல. நம் வீட்டுப் பில்டரில் டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கக் கால் மணியாவது வேண்டும். அங்கே எஸ்பிரஸோ இயந்திரம் பதினெட்டு கிராம் பொடியினூடே வெந்நீரைக் கடும் அழுத்தத்தில் செலுத்தி 25, 30 விநாடியில் டிகாஷனை இறக்கிவிடுகிறது. அந்த அரை நிமிஷத்துக்குள் நீராவிக் குழாயில் பாலை நுரைக்க வேண்டும். அடுத்தவர் கேட்பதைக் காதில் வாங்க வேண்டும். முகத்தில் சிரிப்பும் மாறக் கூடாது. ஆபீசுக்குப் போகிறவர்கள் வரிசை கட்டி நிற்கும் காலை வேளையில் மூச்சுவிட நேரமிராது.

கூலி மோசமில்லை. அமெரிக்க மத்திய சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர் என்று 2009-இல் நிர்ணயித்தார்கள். ஆனால் சியாட்டில் நகரச் சட்டப்படி 2025-இல் அது 20.76 டாலர். 25 மணி வேலைக்கு, வரிப் பிடித்தத்துக்கு முன், வாரம் 519 டாலர். ஊரில் வீட்டு வாடகை அதிகமாகையால் இது கைக்கும் வாய்க்கும் சரியாகப் போய்விடும்.

உண்மையான கஷ்டம் கூலியிலும் இல்லை, 25 மணி என்ற அளவிலும் இல்லை. அந்த 25 மணி எந்தெந்த நாளில், எந்தெந்த வேளையில் வந்து விழும் என்பதில்தான் இருக்கிறது. கல்லூரி வகுப்பு செவ்வாய், வியாழன் மாலை 6 மணி என்றால் பருவம் முழுவதும் அதுதான். ஆராதனை ஞாயிறு காலை 10 மணி என்றால் வருஷம் முழுவதும் அதுதான். கடையின் வேலை அட்டவணையோ வாரத்துக்கு வாரம் மாறும். கூட்டம் எப்போது வரும் என்று கணக்கிட்டு அதற்கேற்ப ஆட்களைப் போடுவார்கள்.

வியாழக்கிழமை இரவு கடையைப் பூட்டுகிற முறை அவளுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு போயிற்று. ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்தி, இயந்திரத்தைக் கழுவி, தரையைத் துடைத்து, பஸ் பிடித்து வீடு சேரும்போது மணி பத்தரை. மறுநாள் காலை 4-30 மணிக்குக் கடையைத் திறக்கிற முறையும் அவளுக்கே! மூன்றரை மணிக்கு எழுந்தால்தான் முடியும். 'குளோசிங்', 'ஓப்பனிங்' என்ற இரண்டு சொற்களையும் ஒட்டிச் சிப்பந்திகள் இதற்கு 'குளோப்பனிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மிச்சமிருந்த மூன்று மணி எங்கே போயிற்று என்று இப்போது தெரிகிறதல்லவா?

ஒரு பாடத்தை விட்டால்...

"வேலை நெருக்கினால் ஒரு பாடத்தை விட்டுவிட்டு அடுத்த பருவத்தில் படித்தால் என்ன?" என்று கேட்கலாம். அதிலே ஒரு கண்ணி இருக்கிறது.

அமெரிக்க அரசாங்கம் மாணவர்களுக்குத் தரும் கடனைப் பெற, பாதி நேர மாணவராகவாவது இருக்க வேண்டும். ஆறு கிரெடிட் இருந்தால் பாதி நேரம். பன்னிரண்டு இருந்தால் முழு நேரம். நம் மாணவி பத்து கிரெடிட்டில் ஒரு பாடத்தை விட்டால் ஐந்துக்கு இறங்கிவிடுவாள். புதுக் கடன் கிடையாது. பழைய கடன் இருந்தால், அதைத் திருப்பிக் கட்டுவதற்கு முன் தரும் ஆறு மாத அவகாசம் அன்றே ஓடத் தொடங்கிவிடும். ஏழை மாணவர்களுக்கான 'பெல்' உதவித்தொகையும் எடுக்கும் பாடத்தின் அளவுக்கேற்பக் குறையும். பணம் குறைந்ததும் என்ன செய்வாள்? கடையில் இன்னும் சில மணி வேலை கேட்பாள். வேலை கூடியதும் மிஞ்சிய பாடத்துக்கும் ஆபத்து. இப்படித்தான் பலருடைய இரண்டாண்டுப் படிப்பு நாலு, ஐந்து ஆண்டாக நீண்டு, சிலருக்கு நடுவழியில் நின்றும் போகிறது.

இதை உணர்ந்துதான் சியாட்டில் வாக்காளர்கள் 2018-இல் ஒரு வரிக்குச் சம்மதித்தார்கள். அதன் பயனாக அந்நகரத்து அரசாங்க உயர்நிலைப் பள்ளியில் தேறியவர்கள் நகரக் கல்லூரிகளில் இரண்டாண்டு வரை கட்டணமின்றிப் படிக்கலாம். நல்ல காரியம். ஆனால் கட்டணம் போனாலும் வாடகை போகவில்லை. வேலைக்குப் போகத்தான் வேண்டியிருக்கிறது.

அட்டவணைக்கு ஒரு சட்டம்

2014-இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை, ஸ்டார்பக்ஸ் கடையில் வேலை பார்த்த ஓர் இளம் தாயின் அன்றாட வாழ்க்கையை விரிவாக வெளியிட்டது. அட்டவணை மாறும்போதெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளின்றி அவள் பட்ட பாட்டை நாடே படித்தது. பூட்டியவரையே மறுநாள் திறக்கச் சொல்லும் வழக்கத்தை நிறுத்துவதாக நிறுவனம் உடனே அறிவித்தது.

அறிவிப்பு மட்டும் போதாது என்று சியாட்டில் நகரசபை சட்டமே இயற்றியது. 2017 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த அச்சட்டப்படி, ஐந்நூறு பேருக்குக் குறையாமல் வேலை கொடுக்கும் சில்லறை வியாபார, உணவு நிறுவனங்கள் அட்டவணையைப் பதினாலு நாள் முன்னதாக வெளியிட வேண்டும். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையே பத்து மணி ஓய்வு இல்லையென்றால் சிப்பந்தி வேலையை மறுக்கலாம். சம்மதித்தால் குறைந்த ஓய்வு நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி. படிப்பில் சேர்ந்திருப்பதைக் காரணமாகச் சொல்லி நேரத்தை மாற்றக் கேட்டால் முதலாளி அதைப் பேசித் தீர்க்க வேண்டும். ஆனால் மூலையில் ஒற்றைக் கடை வைத்திருப்பவரை இச்சட்டம் கட்டுப்படுத்தாது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கு

படிப்புக்கு இப்படி ஒரு வழி பிறந்தது. ஆலயத்துக்கு?

1964-ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டமும், அதற்கு 1972-இல் செய்த திருத்தமும், தொழிலாளியின் மத அனுஷ்டானத்துக்கு முதலாளி நியாயமான அளவு இடம் தர வேண்டும் என்கின்றன. பதினைந்து பேருக்குக் குறையாத இடங்களுக்கு இது பொருந்தும். எது 'நியாயமான அளவு' என்பதில்தான் தகராறு. அற்பச் செலவுக்கு மேல் முதலாளி தாங்க வேண்டியதில்லை என்று 1977-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதனால் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் இந்தப் பாதுகாப்பு பெயரளவில்தான் இருந்தது.

பென்சில்வேனியாவில் ஜெரால்டு கிராப் என்ற தபால்காரர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை கர்த்தருடைய நாள், அன்று வேலை செய்வதில்லை என்பது அவருடைய விரதம். தபால் இலாகா அமேசான் கம்பெனியின் பார்சல்களை ஞாயிற்றுக்கிழமையும் பட்டுவாடா செய்ய ஆரம்பித்ததும் சங்கடம் வந்தது. 2019-இல் வேலையை விட்டார், வழக்குத் தொடுத்தார். 2023 ஜூன் 29-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். வியாபாரத்துக்குக் கணிசமான கூடுதல் செலவு ஏற்படும் என்று காட்டினாலொழிய முதலாளி மறுக்க முடியாது என்று கூறி, வழக்கைக் கீழ்க் கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். காப்பிக் கடைச் சிப்பந்திக்கும் அந்தத் தீர்ப்பு பொருந்தும்.

ஆலயமும் நேரத்தை மாற்றியது

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நெருக்கடி வந்தால் மாணவர்கள் முதலில் கைவிடுவது ஆலயத்தைத்தான். வகுப்புக்குப் போகாவிட்டால் மார்க் குறையும். வேலைக்குப் போகாவிட்டால் கூலி குறையும். ஆலயத்துக்குப் போகாவிட்டால் உடனே ஒன்றும் குறைவதில்லை. ஆனால் வெளியூரிலிருந்து வந்து தனி அறையில் வாழும் இளைஞருக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவருவது யார்? "போன வாரம் உன்னைக் காணோமே?" என்று விசாரிப்பது யார்? பெரும்பாலும் பாடகர் குழுவில் பக்கத்தில் நின்று பாடுகிறவர்தான்.

சில ஆலயங்கள் இதற்குத் தம் நேரத்தையே மாற்றிக்கொண்டுள்ளன. ஞாயிறு திருப்பலிக் கடமையைச் சனிக்கிழமை மாலையிலேயே நிறைவேற்றலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபை அனுமதித்திருப்பதை நம் ஊர்க் கத்தோலிக்கர்களும் அறிவார்கள். சியாட்டிலில் மத்தியக் கல்லூரி இருக்கும் அதே குன்றின் மேல் பரிசுத்த மாற்கு பேராலயம் இருக்கிறது. எபிஸ்கோபல் சபையைச் சேர்ந்தது. அங்கே ஞாயிறுதோறும் இரவு 9-30 மணிக்கு 'கம்ப்ளின்' என்னும் இரா வழிபாடு. 1950-களில் ஆரம்பித்த வழக்கம். 1962 முதல் வானொலியிலும் ஒலிபரப்பாகிறது. பிரசங்கம் கிடையாது, அரை மணி நேரம் பாட்டும் ஜெபமும்தான். மங்கிய வெளிச்சத்தில் இளைஞர்கள் கூட்டமாக வந்து, இடமில்லாவிட்டால் தரையிலே உட்கார்ந்தும் படுத்தும் கேட்கிறார்கள். ஞாயிறு பகலெல்லாம் காப்பி கலந்தவரும் போய்ச் சேரக்கூடிய வேளை அது!

நம் பிள்ளைகளுக்கு

மாணவர் விசாவில் அமெரிக்கா போகும் நம் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் வெளியே உள்ள காப்பிக் கடையில் தம் இஷ்டப்படி வேலைக்குச் சேரக் கூடாது. சேர்ந்தால் விசாவுக்கே ஆபத்து. கல்லூரி வளாகத்துக்குள் மாணவர்களுக்காக நடக்கும் காப்பிக் கடையில், வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி வரை வேலை செய்யலாம்.

நம் நாட்டிலேயே படித்துக்கொண்டு வேலை செய்யும் வாலிபர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. வேலைக்குச் சேரும்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறோம். கூடவே மூன்று கேள்விகளைக் கேட்பது நல்லது. அட்டவணை எத்தனை நாள் முன்னால் தெரியும்? வகுப்பு நாளில் விடுவார்களா? வாரத்தில் எந்த ஒரு வேளை எனக்கென்று நிச்சயம்? அந்த வேளையில் கோவிலுக்குப் போவதோ, மசூதிக்குப் போவதோ, மாதா கோவிலில் பாடுவதோ, அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுவதோ அவரவர் விருப்பம்.

வேலை கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த வார அட்டவணையை இன்றைக்கே எழுதிச் சுவரில் ஒட்ட ஒரு காகிதமும் கொஞ்சம் பசையும் போதும். அதற்கு ஆகும் செலவு ஒரு காப்பி விலைகூட இராது.