ஒரு சாண் முன்னே

2025 ஜூலை 5. கிரீஸ் நாட்டின் வாரி நகரில் நடந்த தடகளப் போட்டியில் 100 மீட்டரை 10.18 விநாடியில் ஓடி முடித்தார் அனிமேஷ் குஜூர். அங்கே கிடைத்தது மூன்றாம் இடம்தான். ஆனால் அது புதிய தேசிய சாதனை. குரிந்தர்வீர் சிங் வைத்திருந்த 10.20-ஐவிட 0.02 விநாடி குறைவு. ஓடுகிற வேகத்துக்கு அளந்து பார்த்தால், தரையில் ஏறக்குறைய ஒரு சாண்.

அனிமேஷ் சத்தீஸ்கரின் ஜஷ்பூர் மாவட்டத்துக்காரர், ஒராவோன் பழங்குடி. உடனே ‘காட்டில் ஓடிப் பழகிய கால்கள்’ என்று கதை கட்டத் தோன்றும். அதற்கு இங்கே இடமில்லை. அப்பா, அம்மா இருவரும் போலீஸ் துறை. படிப்பு அம்பிகாபூர் சைனிக் பள்ளியில். கொரோனா காலத்தில் ராணுவ வீரர்களோடு கால்பந்து ஆடிக்கொண்டிருந்தவரின் வேகத்தைப் பார்த்து, ‘பந்தயத்தில் ஓடு’ என்று அவர்கள்தான் தள்ளிவிட்டார்கள். ஸ்பைக் ஷூகூட இல்லாமல் போய் மாநிலப் போட்டியில் ஜெயித்தார். பதினேழு, பதினெட்டு வயதில் ஒருவர் தற்செயலாகக் கண்ணில் பட்டதை நம் தேர்வுமுறையின் வெற்றி என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அதன்பின் புவனேஸ்வரத்தில் மார்ட்டின் ஓவன்ஸிடம் முறையான பயிற்சி. உண்மையில் 200 மீட்டர்தான் அவருடைய பலம். 2025 ஏப்ரலில் கொச்சியில் 20.40 விநாடி, தேசிய சாதனை. மே மாதம் தென்கொரியாவின் குமியில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் அதையும் தாண்டி 20.32, கூடவே வெண்கலம். செப்டம்பரில் டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்பில் முதல் சுற்றோடு திரும்பினார். உலகத் தரத்துக்கு இன்னும் ஓட வேண்டியிருக்கிறது.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தங்கம் வென்ற ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண் கேத்தி ஃப்ரீமனுக்கோ முதல் பயிற்சியாளர் வீட்டிலேயே, வளர்ப்புத் தந்தை வடிவில் கிடைத்தார். பிறப்பு எங்கே என்பதைவிட, சரியான வயதில் யார் பார்த்தார்கள் என்பதே இரு கதைகளிலும் பெரிதாகத் தெரிகிறது.

அப்படிப் பார்க்கப்பட வேண்டிய பிள்ளைகள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறை மலைகளில் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. அங்குள்ள பிள்ளைகளுக்கு மாவட்ட விளையாட்டுத் துறை செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை: ஆண்டுக்கு ஒருமுறை ஸ்டாப் வாட்ச்சோடு ஒரு பயிற்சியாளரை மலைக்கு அனுப்பட்டும், தேறுகிற பிள்ளைகளுக்கு விடுதியில் இடமும் ஒரு ஜோடி ஸ்பைக் ஷூவும் கொடுக்கட்டும்.