மெட்டல் மேடையில் ஒரு கதாகாலட்சேபம்

இரைச்சலுக்குப் பெயர்போன 'மெட்டல்' சங்கீதத்தில் கதாகாலட்சேபம் செய்ய முடியுமா? முடியும் என்று 2000 ஆகஸ்ட் 30-ந் தேதி இரவு, நியூயார்க் ரோஸ்லேண்ட் மண்டபத்தில் காட்டிவிட்டார்கள் 'டிரீம் தியேட்டர்' குழுவினர்.

"பாட்டைச் சுருக்கு, எளிமையாக்கு" என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் நெருக்கலால், 1997 வாக்கில் உடைந்துபோக இருந்த குழு அது. பதிலுக்கு அவர்கள் 1999-ல் வெளியிட்டது 77 நிமிஷம் ஓடும் ஒரே கதை! மனோவசியத்தில் ஆழ்ந்த ஒருவன், 1928-ல் கொலையுண்ட பெண்ணாகத் தன் முற்பிறவியைக் காண்கிறான். பூர்வ ஜன்மக் கதை நமக்குப் புதிதா என்ன?

அதை அன்றிரவு முழுவதுமாக வாசித்தார்கள். மனோவசிய வைத்தியராக ஒரு நடிகரே மேடையேறினார். தேவாலயப் பாணியில் பாடும் கோஷ்டியும் சேர்ந்துகொண்டது. பெட்ருச்சியின் கிதாரை ருடெஸின் கீபோர்டு துரத்துகிறது; தாளமோ ஏழுக்கும் ஐந்துக்கும் தாவுகிறது; போர்ட்னாயின் டிரம் அத்தனையையும் கட்டி இழுத்துச் செல்கிறது. கதை முடிந்த பிறகும் விட்டார்களா? தனியாக 23 நிமிஷப் பாட்டு ஒன்று வேறு! மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல்.

அந்த ஒலிப்பதிவின் அட்டையிலே, தீக்கொழுந்துக்கு நடுவே நியூயார்க்கின் கட்டடங்கள், இரட்டைக் கோபுரங்கள் உள்பட. அது கடைக்கு வந்த நாள், 2001 செப்டம்பர் 11. அவசரமாகத் திரும்பப் பெற்று, வேறு அட்டை போட்டு வெளியிட்டார்கள்.