மிகைத்துடிப்பும் உரைகல்லும்

கணினி வாங்கச் செல்வோர் கடைக்காரரிடம் முதலில் கேட்கும் வினா, "இதன் வேகம் என்ன?" என்பதே. அவரும் தயங்காமல் ஓர் எண்ணைக் கூறுவார். அவ்வெண் உண்மையில் வேகத்தைக் குறிப்பதன்று, துடிப்பைக் குறிப்பது. துடிப்பு வேறு, வேகம் வேறு. விதித்த அளவுக்கு மேல் அத்துடிப்பை உயர்த்தும் 'ஓவர்கிளாக்கிங்' என்னும் வழக்கத்தையும், கணினிகளின் திறனை ஒப்பிட்டறியும் 'பெஞ்ச்மார்க்' சோதனைகளையும் ஈண்டு ஒருங்கே நோக்குவோம். முன்னதை மிகைத்துடிப்பு என்றும், பின்னதை உரைகல் என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

செயலிக்குள் நடைபெறுவதை ஆசிரியர்களுக்கு விளக்குவது எளிது. சொல்வதெழுதுதல் வகுப்பை நினைவிற் கொண்டாற் போதும். ஆசிரியர் ஒரு தொடரைச் சொல்கிறார். மாணவர் எழுதி முடிக்கும் அளவுக்கு நிறுத்துகிறார். அடுத்த தொடரைச் சொல்கிறார். எந்த இடைவெளியில் சொல்ல வேண்டும் என்பதை முடிவு செய்பவன் வகுப்பில் விரைந்தெழுதும் மாணவன் அல்லன்; மெதுவாக எழுதும் மாணவனே. செயலியிலும் அவ்வாறே. ஒவ்வொரு துடிப்புக்கும் மின்குறிகள் டிரான்சிஸ்டர்களின் நீண்ட தொடர்களைக் கடந்து, அடுத்த துடிப்பு வருமுன் தத்தம் இடத்தைச் சேர்ந்தாக வேண்டும். எல்லாவற்றினும் நீண்ட பாதையில் செல்லும் குறியே துடிப்பின் எல்லையை வகுக்கின்றது. ஆசிரியர் அவ்வெல்லையைத் தாண்டி விரைந்தால் வகுப்பு நின்றுவிடுவதில்லை. யாரோ ஒருவர் ஓர் எழுத்தை விட்டுவிட்டு அடுத்த தொடருக்குப் போய்விடுகிறார். பிழை பிறக்கும் இடம் அதுதான். அது ஓசையின்றிப் பிறக்கின்றது.

அவ்வாறாயின் விதித்த அளவுக்கு மேல் உயர்த்த இடமேது என்று வினவலாம். இடம் உண்டு. ஆலையில் செய்து முடித்த சில்லுகளை மிகுந்த வெப்பத்திலும் குறைந்த மின்னழுத்தத்திலும் வைத்துச் சோதித்து, அத்தகைய தீய சூழலிலும் பிழையின்றி இயங்கும் துடிப்பையே அவற்றின்மேல் பொறிக்கின்றனர். ஆதலின் நல்ல சூழலில் சிறிது மிச்சம் இருக்கும். வேறொரு காரணமும் உண்டு. விலைகுறைந்த சில்லுக்கே சந்தையில் தேவை மிகும்போது, உயர்ந்த துடிப்பைத் தாங்கவல்ல சில்லும் தாழ்ந்த எண் பொறிக்கப்பெற்று வெளிவரும். சில்லுகளைக் கட்டிச் சோதிக்கும் இவ்வேலைக்கு நம் பினாங்கு பெயர்பெற்ற ஊர். இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே நிறுவிய முதல் ஆலை 1972-இல் அங்கேதான் தொடங்கிற்று. 'மலாய்' என்னும் முத்திரை தாங்கிய சில்லுகளைப் பல நாட்டு ஆர்வலர்களும் கடைகளில் தேடிப் பொறுக்கிய காலமும் ஒன்று இருந்தது.

அக்காலம் 1998-ஆம் ஆண்டு. அச்சில்லு 'செலரான் 300ஏ'. மிகைத்துடிப்பின் வரலாற்றில் இதற்கிணையான புகழ் பெற்றவை மிகச் சிலவே. இதன் கணக்கு தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். தாய்ப்பலகை ஏறத்தாழ 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பைத் தரும், செயலி அதனை நாலரை மடங்காக்கிக்கொள்ளும், கிடைப்பது 300. நாலரை என்னும் மடங்கு ஆலையிலேயே பூட்டப்பட்டது. பயனர் தொட இயலாது. ஆயினும் பலகையின் துடிப்பு பூட்டப்படவில்லை. அவ்வாண்டில் வந்த புதிய பலகைகள் 100 மெகாஹெர்ட்ஸ் தரவல்லவை. சில பலகைகளில் அமைப்பை மாற்றினாற் போதும். வேறு சிலவற்றில் செயலியின் இணைப்பு முனைகளுள் ஒன்றன்மேல் சிறிய ஒட்டுநாடாத் துண்டை ஒட்டினாற் போதும். நாலரை நூறு நானூற்றைம்பது! அன்று இன்டெல் விற்ற மேல்தரச் செயலியான பென்டியம் 2-இன் உயர்ந்த துடிப்பும் 450 தான். இரண்டற்கும் இடையே விலையோ பன்மடங்கு வேறுபாடு. ஒட்டுநாடாத் துண்டின் ஆற்றலைக் கண்டு உலகெங்கும் இளைஞர்கள் களித்ததில் வியப்பில்லை.

இந்த இன்பத்திற்கு ஒரு விலையும் உண்டு. அதன் பெயர் வெப்பம். செயலி உண்ணும் மின்திறன் துடிப்பின் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடியின் விகிதத்திலும் வளர்வது. துடிப்பை மட்டும் உயர்த்தினால் குறிகள் நேரத்தில் வந்து சேர்வதில்லை. அவற்றை விரைவுபடுத்த அழுத்தத்தையும் உயர்த்த நேர்கின்றது. துடிப்பை நூற்றுக்கு 20, அழுத்தத்தை நூற்றுக்கு 10 என உயர்த்தினோமாயின் மின்திறன் நூற்றுக்கு 45 ஏறிவிடும். சூடேறிய டிரான்சிஸ்டர் மேலும் மந்தமாகும். குளிர்நாட்டார் தம் அறையில் அடைந்த துடிப்பை, 32 டிகிரி வெப்பத்தில் சன்னலைத் திறந்துவைத்து வாழும் நம்மவர் அடையாமற் போவதற்குக் கைத்திறன் குறைவு காரணமன்று. போட்டிக்காரர்கள் பூச்சியத்திற்குக் கீழே 196 டிகிரியில் கொதிக்கும் நீர்ம நைட்ரஜனையும், அதனினும் குளிர்ந்த நீர்ம ஹீலியத்தையும் செயலிமேல் ஊற்றுவது இதனாலேயே. 9 கிகாஹெர்ட்ஸ் எல்லை 2022-இல் அவ்வாறு ஹீலியத்தின் துணைகொண்டு தாண்டப்பெற்றது. அந்நிலையில் செயலி நின்றது சிறிது நேரமே. எவரும் அதிற் கடிதம் எழுதவில்லை.

இனி உரைகல்லுக்கு வருவோம். துடிப்பே வேகமாயின் உரைகல்லே வேண்டா. ஒரு துடிப்பில் செயலி எவ்வளவு வேலை செய்கிறது என்பதும் கணக்கிற் சேர வேண்டும். 2000-ஆம் ஆண்டின் இறுதியில் பென்டியம் 4 வந்தபோது அதன் துடிப்பு 1.5 கிகாஹெர்ட்ஸ், ஆயினும் சில சோதனைகளில் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 அதனை முந்திற்று. எனவே இரு பொறிக்கும் ஒரே வேலையைக் கொடுத்து நேரத்தை அளப்பதே முறை. இத்தகைய நிரல்களுள் மூத்த ஒன்று 1972-இல் இங்கிலாந்தில் எழுதப்பெற்ற 'வெட்ஸ்டோன்'. ஆங்கிலத்தில் அச்சொல் சாணைக்கல்லைக் குறித்தாலும், இங்கே அஃது ஓர் ஊரின் பெயர். 1984-இல் மற்றொருவர் பதின்மக் கணக்கை விடுத்து முழு எண்ணும் எழுத்தும் கையாளும் சோதனை ஒன்றை இயற்றி, அதற்கு 'டிரைஸ்டோன்' எனப் பெயரிட்டார். முன்னதன் ஒலி ஈரத்தை நினைவூட்ட, பின்னதை உலர்ந்ததாக்கிவிட்டார்! சிலேடை தமிழ்ப் புலவர்க்கே உரியதென எண்ணுவோர் இதனைக் கருதுக.

உரைகல் தங்கத்தின் மாற்றைக் காட்டும். வைரத்தின் நீரோட்டத்தைக் காட்டாது. 450-இல் ஓடும் செலரானையும் 450-இல் ஓடும் பென்டியம் 2-ஐயும் ஒப்பிட்டோர் இதனை நேரிற் கண்டனர். செலரானில் 'கேஷ்' எனப்படும் அண்மை நினைவகம் 128 கிலோபைட்டே. ஆனால் அது செயலியின் முழுத் துடிப்பில் ஓடும். மற்றதிலோ 512 கிலோபைட்டு. ஆனால் பாதித் துடிப்பு. சிறு சோதனை நிரல் 128-க்குள் அடங்கிவிட்டால் மலிவான செயலி சமமாய் நிற்கும், சிலவேளை வெல்லும். பெரிய தரவுத்தொகுதியைப் புரட்டும் வேலையில் விலையுயர்ந்தது முந்தும். இரண்டு அளவும் மெய்யே. எது விரைந்தது என்னும் வினாவே அரைகுறை வினா.

அளவு மெய்யாக இருக்குமட்டும் கவலையில்லை. மதிப்பெண்ணுக்குப் பரிசு உண்டென்றால் மதிப்பெண்ணுக்கே படிப்போர் தோன்றுவதை ஆசிரியர்க்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை. 'ஸ்பெக்' என்னும் அமைப்பு 1989-இல் வெளியிட்ட பத்து நிரல்களுள் ஒன்று, 300 வரிசையும் 300 நிரலும் கொண்ட எண்ணணிகளைப் பெருக்குவது. அதன் ஓட்டநேரம் ஏறத்தாழ முழுதும் ஒரே வரியிற் செலவாயிற்று. நிரலைப் பொறிமொழியாக மாற்றும் கம்பைலர்களை அவ்வொரு வரிக்கெனச் செம்மைசெய்தவர்களின் மதிப்பெண் பன்மடங்கு பெருகிற்று, பொறி மாறவில்லை. 1992-இன் புதிய தொகுதியில் அந்நிரல் நீக்கப்பட்டது. 2013-இல் சாம்சங் கேலக்ஸி எஸ்4 கைபேசியின் ஒரு வகையிலோ, பெயரறிந்த சில சோதனைகள் ஓடும்போது மட்டும் வரைகலைச் செயலி 533 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறிற்று. மற்ற வேளையில் 480 தான். ஆய்வாளர் வருகிற நாளில் மட்டும் சுவரெல்லாம் அட்டை தொங்கும் வகுப்பறை போலும்!

இவ்விடத்தில் எம் சொந்தக் கதை ஒன்றையும் கூறுதல் வேண்டும். 1999-இல் யாமும் ஒரு செலரான் 300ஏ வாங்கி 450-க்கு உயர்த்தினோம். உரைகற்கள் அனைத்திலும் தேறிற்று. நண்பர்களுக்கெல்லாம் அந்த எண்களைக் காட்டி மகிழ்ந்தோம். இரு திங்கள் கழிந்து, ஆண்டிறுதித் தேர்வுக்கான வினாத்தாள் மூன்றனையும் ஒரே கோப்பாகச் சுருக்கிச் சேமித்துவிட்டு மூலங்களை அழித்தோம். மறுநாள் அக்கோப்பு திறக்கவில்லை; சரிபார்ப்பு எண் ஒவ்வவில்லை என்றே மீண்டும் மீண்டும் சொல்லிற்று. அன்று உச்சிவேளை, அறை கொதித்துக்கொண்டிருந்தது. துடிப்பை 300-க்கு இறக்கிப் பார்த்தும் பயனில்லை. சுருக்கும்போதே எங்கோ ஓர் எழுத்து விடுபட்டிருக்க வேண்டும். இரவெல்லாம் விழித்து மூன்று தாளையும் நினைவிலிருந்து தட்டெழுதினோம். இரண்டு நிமிடச் சோதனையில் தேறியது, இரண்டு மணி நேர வேலையில் தவறியது.

உரைகல் விரைவை அளப்பது, நம்பிக்கையை அளப்பதன்று. பின்னதற்கு வேறு சோதனை உண்டு. பெரும் பகாவெண்களைத் தேடுவதற்கென எழுந்த 'பிரைம்95' என்னும் நிரல், விடை முன்னரே தெரிந்த கணக்குகளைச் செயலிக்குக் கொடுத்து, வரும் விடையை ஒப்பிடுகின்றது. ஓரிலக்கம் பிறழினும் நின்றுவிடும். மிகைத்துடிப்பை மேற்கொள்வோர் அதனை ஓர் இரவு முழுதும், கூடுமானால் மின்விசிறி நிறுத்திய நண்பகலிலும், ஓடவிட்டுப் பார்த்தல் நன்று. இன்றைய செயலிகள் தம் வெப்பத்தைத் தாமே அளந்து துடிப்பைத் தாமே ஏற்றி இறக்கிக்கொள்வதால், நாம் உயர்த்த எஞ்சியிருப்பது சிறிதே. பள்ளிக்குக் கணினி தேர்வோர் தம் மாணவர் பட்டியலையும், தாம் நாளும் திறக்கும் தமிழ் எழுத்துருக் கோப்பையும், ஒரு படத்தொகுப்பையும் கடைக்கே எடுத்துச் சென்று, கைக்கடிகாரத்தைப் பார்த்து மும்முறை ஓட்டிக் காண்பாராக. மூன்றாம் முறை பொறி சூடேறியபின் கிடைக்கும் நேரத்தையே குறித்துக்கொள்க.