மோட்டார் இஞ்சினின் எண்ணெய்ச் செலவு

செம்பரம்பாக்கம் ஏரிப் பாய்ச்சலை நம்பி நெல் விளைத்துவந்த பூந்தமல்லிப் பகுதியும், அதனையடுத்த ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிகளும் பிற்காலத்தில் இயந்திரத் தொழிலுக்குப் பெயர் பெற்றன. ஆவடியில் 1961-ஆம் ஆண்டில் கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டது. 1965-இல் அங்கிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூரில் 1960-களில் தொழிற்பேட்டை அமைந்து, மோட்டார் உறுப்புக்கள் செய்யும் பட்டறைகள் பெருகின. பக்கத்திலுள்ள செம்பியத்தில் 1949-இல் தோன்றிய இந்தியா பிஸ்டன்ஸ் கம்பெனியார் பிஸ்டன்களையும் ரிங்குகளையும் செய்து வருகின்றனர். மாடும் வண்டியும் நின்ற கொட்டகையில் இன்று டிராக்டரும் காரும் நிற்கின்றன. ஆயினும், இஞ்சினுக்கு ஊற்றும் மசகெண்ணெயைப் பற்றி மட்டும் நம்மிற் பலர் கேள்வி ஞானத்தைக்கொண்டே காரியம் நடத்தி வருகின்றோம்.

"வண்டி எண்ணெய் குடிக்கின்றது, கெட்டி எண்ணெயாக ஊற்றுங்கள்" என்பது பட்டறைகளில் சாதாரணமாகக் கேட்கப்படும் யோசனை. இது சில சமயம் சரி. சில சமயம் பெருநஷ்டத்திற்கு இடமாகும். எப்பொழுது சரி, எப்பொழுது தவறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எண்ணெய் குறையும் வழிகள்

இஞ்சின் எண்ணெய் நான்கு வழிகளிற் குறையும். முதலாவது வெளிக்கசிவு: சம்ப்பின் அடியிலும், வால்வு மூடியின் ஓரத்திலும், தண்டு சீல்களிலும் ஒழுகுவது. இரண்டாவது, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி மேலேறி எரிபொருளோடு எரிந்து போவது. மூன்றாவது, வால்வுத் தண்டின் சீல் காய்ந்து வெடித்து, அதன் வழியே உள்ளிறங்கி எரிவது. நான்காவது, சூட்டினால் ஆவியாகி, கிராங்க் கேஸின் மூச்சுக்குழாய் வழியே இஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு எரிவது.

புகையைக் கொண்டு காரணத்தை ஒருவாறு ஊகிக்கலாம். இரவு முழுதும் நின்ற வண்டி காலையிற் கிளம்பும்போது மட்டும் நீலப்புகை தோன்றி மறையுமானால், வால்வு சீல்களிற் குறை இருக்கலாம். பாரம் ஏற்றி வேகம் கொடுக்கும்போது இடைவிடாது நீலப்புகை வந்தால், ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்துள்ளன என்று கருத வேண்டும். கரும்புகை எரிபொருள் மிகுதியைக் காட்டுவது. அதற்கும் எண்ணெய்ச் செலவுக்கும் சம்பந்தமில்லை.

எண்ணெயின் மூன்று குணங்கள்

வெளிக்கசிவை நிறுத்த உறுப்பையே மாற்ற வேண்டும். மற்ற மூன்று வழிகளிலும் எண்ணெயின் குணம் ஓரளவு குறுக்கிடுகின்றது.

முதற் குணம் கெட்டித்தன்மை. இளகிய எண்ணெய் தேய்ந்த சந்துகளில் எளிதாய் நுழையும். கெட்டி எண்ணெய் மெதுவாய் நுழையும். ஆதலால் தேய்ந்த இஞ்சினில் ஒரு படி கெட்டியான எண்ணெய் செலவைக் குறைப்பதுண்டு. ஆனால் அளவுக்கு மீறிய கெட்டி எண்ணெயைச் சிலிண்டர்ச் சுவரினின்று ரிங்குகள் முற்றிலும் வழித்தெடுக்க இயலாது. அங்கே தங்கியது எரிந்து போகும். கெட்டி கூடக்கூடச் செலவு குறையும் என்று நினைப்பது தவறு.

இரண்டாவது குணம், சூட்டில் ஆவியாகும் தன்மை. இதை அறிந்தோர் சிலரே. முறத்தில் நெல்லைப் புடைக்கும்போது பதர் பறந்து மணி தங்குவதுபோல, சூடேறிய எண்ணெயில் லேசான பகுதி ஆவியாய்ப் போய்க் கனத்த பகுதி எஞ்சுகின்றது. இதை அளப்பதற்கு நோவாக் பரிசோதனை என்பதொன்று உண்டு. எண்ணெயை 250 பாகை சென்டிகிரேடில் ஒரு மணி நேரம் வைத்து, நூற்றுக்கு எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பர். பெட்ரோல் கார்களுக்குரிய ஏ.பி.ஐ. எஸ்.பி. தரத்தில் இளகிய வகைகளுக்கு இவ்விழப்பு 15 சதவீதத்திற்கு மேற்படலாகாது. நல்ல செயற்கை எண்ணெய்கள் பல 10 சதவீதத்திற்கும் கீழே நிற்கின்றன. ஒரே கெட்டித்தன்மையுள்ள இரண்டு எண்ணெய்களில் ஒன்று சீக்கிரம் குறைவதும் மற்றொன்று நிலைத்திருப்பதும் இக்காரணத்தாலாம்.

மூன்றாவது குணம், அழுக்கைப் பிடித்து வைக்கும் சக்தி. எண்ணெய் ரிங்கில் சிறு துவாரங்கள் உண்டு. தரங்குறைந்த எண்ணெயை நெடுநாள் மாற்றாமல் ஓட்டினால் அத்துவாரங்கள் கரியால் அடைபட்டு, ரிங் தன் பள்ளத்திலேயே இறுகிவிடும். மதகு அடைபட்ட கால்வாயில் நீர் கரைபுரள்வதுபோல, அப்பொழுது எண்ணெய் மேலேறும். உரிய தரமுள்ள எண்ணெயைக் காலந்தவறாமல் மாற்றினால் இக்கேடு வராமற் காக்கலாம். புதிதாய் ஏற்பட்ட இலேசான அடைப்பு நாளடைவில் நீங்குதலும் உண்டு. உலோகம் தேய்ந்துபோனதை மட்டும் எந்த எண்ணெயும் சரிசெய்யாது.

டப்பாவின் மேலுள்ள எண்கள்

எஸ்.ஏ.இ. என்பது 1905-இல் அமெரிக்காவில் ஏற்பட்ட மோட்டார் இஞ்சினீயர்கள் சங்கம். அதன் கணக்குப்படி 20டபிள்யூ-40 என்பதில் முன்னுள்ள எண் குளிரில் எண்ணெய் இளகும் தன்மையையும், பின்னுள்ள எண் 100 பாகைச் சூட்டில் அதன் கெட்டித்தன்மையையும் காட்டும். 100 பாகையில் 30-ஆம் எண் எண்ணெய் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரையிலும், 40-ஆம் எண் 12.5 முதல் 16.3 வரையிலும் நிற்கும்.

குளிர்ப் பரிசோதனை 20டபிள்யூ எண்ணெய்க்கு உறைநிலைக்குக் கீழ் 15 பாகையிலும், 5டபிள்யூ எண்ணெய்க்குக் கீழ் 30 பாகையிலும் நடத்தப்படுகின்றது. சென்னையிலோ உறைபனி என்பதே இல்லை. வெப்பம் 2003-ஆம் ஆண்டு மே 31-ஆம் தேதி 45 பாகையை எட்டியது. ஆகையால் கடுங்குளிருக்கென்றே முன்னெண் குறைந்த எண்ணெயை நாடவேண்டிய நிர்ப்பந்தம் நமக்கில்லை. ஆயினும் நெருங்கிய சந்துகளோடு செய்யப்படும் இக்காலத்துக் கார் இஞ்சின்களுக்கு, காலையிற் கிளம்பியவுடன் மேலுறுப்புக்களுக்கு விரைந்து செல்லும் இளகிய எண்ணெயே ஏற்றது. 0டபிள்யூ-20 என்று கைப்புத்தகத்தில் எழுதியுள்ள புதுக் காருக்கு, டிராக்டருக்கு வாங்கிய கெட்டி எண்ணெயை ஊற்றுவது சிக்கனமாகாது.

அளந்து பார்க்கும் முறை

எண்ணெயை மாற்றுமுன் செலவை அளக்க வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இஞ்சினை அணைத்துப் பத்து நிமிஷம் கழித்து, டிப் ஸ்டிக்கைத் துடைத்து மீண்டும் இட்டுப் பார்க்க வேண்டும். மேற்கோடு வரை நிரப்பி, மீட்டர்க் கணக்கை ஒரு நோட்டில் எழுதிக்கொள்க. 1,000 கிலோமீட்டர் ஓடியபின் அதே இடத்தில், அதே முறையில், மீண்டும் மேற்கோடு வரை அளவுக் குவளையால் ஊற்றி, எத்தனை மில்லி பிடித்ததென்று குறிக்க வேண்டும். டிராக்டருக்கும் பம்பு இஞ்சினுக்கும் டீசலோடு ஒப்பிடுவது சுலபம். 100 லிட்டர் டீசலுக்கு எண்ணெய்ச் செலவு 1 லிட்டரை எட்டினால் இஞ்சினைப் பிரித்துப் பார்க்கவேண்டிய காலம் நெருங்கியதென்று கொள்ளலாம்.

எண்ணெய் குறையாமல் மட்டம் உயர்ந்தால் அதை நல்ல குறியென்று எண்ணலாகாது. எரிபொருளோ நீரோ கலந்திருத்தல் கூடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப்போல நீர் புகுந்த இஞ்சினில் எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கும். அதனை முற்றிலும் மாற்றாமல் இஞ்சினைச் சுழற்றுதல் கூடாது.

ஒரு கணக்கு

ஒரு பழைய கார் 1,000 கிலோமீட்டருக்கு 600 மில்லி எண்ணெய் செலவழிக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். ஒரு படி கெட்டியான எண்ணெயால் அது 350 மில்லியாகக் குறைந்தால் மிச்சம் 250 மில்லி. லிட்டர் 400 ரூபாய் எனில் 100 ரூபாய். ஆனால் கெட்டி எண்ணெயில் இஞ்சின் சற்றே இறுகிச் சுழல்வதால் பெட்ரோல் நூற்றுக்கு ஒன்று கூடினதாகக் கொண்டால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் போகும் வண்டிக்கு அது ஏறக்குறைய 670 மில்லி. லிட்டர் 100 ரூபாய் வீதம் 67 ரூபாய். நிகர லாபம் 33 ரூபாயே.

ஆகவே எண்ணெய்க் காசை மிச்சம் பிடிப்பது முக்கிய நோக்கமன்று. மட்டம் கீழ்க்கோட்டுக்கு இறங்கிப் போனது தெரியாமல் ஓட்டினால் பேரிங்குகள் உருகி இஞ்சின் பிடித்துக்கொள்ளும். சில நூறு ரூபாய் எண்ணெயால் தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டம் பல்லாயிரமாகும். அறுவடைக் காலத்தில் டிராக்டர் நின்றுபோனால் இஞ்சினோடு பயிரும் நஷ்டமே.

கவனிக்க வேண்டியவை

1. உத்தரவாத காலத்திலுள்ள வண்டிக்குக் கைப்புத்தகத்திற் கண்ட எண்ணையும் தரத்தையும் மாற்றலாகாது. எண்ணெய் மிகுதியாகக் குறைந்தால் விற்றவரிடம் அளவுக் குறிப்போடு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.

2. தேய்ந்த பழைய இஞ்சினுக்கு, கைப்புத்தகம் அனுமதிக்கும் எல்லைக்குள் ஒரு படி கெட்டியான, ஆவியிழப்புக் குறைந்த எண்ணெயை இட்டு மீண்டும் 1,000 கிலோமீட்டர் அளந்து பார்க்கலாம். குறையவில்லையேல் சீல், ரிங் வேலையே வழி.

3. 2020 ஏப்ரல் முதல் அமுலுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி செய்த டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரி வடிகட்டி உண்டு. எரியும் எண்ணெயின் சாம்பல் அதனை அடைக்குமாதலால், சாம்பல் குறைந்த எண்ணெயே வேண்டும். 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கும் 2023 முதல் கடுமையான புகை விதிகள் வந்துள்ளன; அவற்றை வாங்குவோர் எண்ணெய்த் தரத்தை விசாரித்தறிதல் நலம்.

4. சில்லறையாக அளந்து விற்கும் பெயரற்ற எண்ணெயை வாங்கலாகாது. மூடி முத்திரை உடையாத டப்பாவையே வாங்கி, ரசீது பெற்றுக்கொள்க. காலி டப்பாவைத் துளையிட்டே கழிக்க வேண்டும். இல்லையேல் அதில் போலி எண்ணெய் நிரம்பி மீண்டும் நம்மிடமே வரும்.

5. கழித்த எண்ணெயைக் கிணற்றடியிலோ வரப்பிலோ கொட்டுதல் பெருங்கேடு. செம்பரம்பாக்கம் ஏரி சென்னை நகர மக்களின் குடிநீர். அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் சேர்ப்பிக்கக் கிராம உத்தியோகஸ்தர்கள் வழிகாட்டுவாராக.

நிலத்திற்கு எருவிடுமுன் மண்ணைப் பரிசோதிப்பது போல, இஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுமுன் செலவை அளந்து காரணத்தைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். வாரம் ஒருமுறை டிப் ஸ்டிக்கைப் பார்த்து நோட்டில் ஒரு வரி எழுதும் வழக்கத்தைக் கைக்கொள்ளும் குடியானவரை, அவரது இஞ்சின் காரியகாலத்திற் கைவிடாது.