சென்டரைக் கொண்டுபோய் பாயிண்ட் கார்டில் நிறுத்துவது ஏன்?

திருவதிகைக் கோயில் குறிப்புகளை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். இந்த வாரம் பாஸ்கெட்பால். அதிலும் நிஜ பாஸ்கெட்பால் இல்லை, பஸ்ஸர்பீட்டர் என்ற இணைய விளையாட்டு. ஒரு கற்பனை அணிக்கு நாம் மேலாளர். ஆட்களை வாங்கலாம், விற்கலாம், பயிற்சி கொடுக்கலாம், யார் எந்த இடத்தில் ஆட வேண்டும் என்று சொல்லலாம். ஆட்டத்தைக் கணினியே ஆடிவிடும். வேலை முடிந்து ராத்திரி பத்து நிமிஷம் பார்த்தால் போதும். நான் பல வருஷமாகப் பார்க்கிறேன், பெரும்பாலும் தோற்றுக்கொண்டு.

இதில் எல்லாரையும் குழப்புகிற கேள்வி, எந்த இடத்துக்குப் பயிற்சி கொடுப்பது என்பதுதான். விதி இப்படி: வாரத்துக்கு ஒரு திறன், அதோடு ஓர் இடம் (அல்லது சேர்ந்த சில இடங்கள்) தேர்ந்தெடுக்கவேண்டும். உதாரணமாக, பாஸிங் என்றால் பாயிண்ட் கார்டு. ரீபவுண்ட் என்றால் சென்டர், அல்லது சென்டரும் பவர் ஃபார்வர்டும். அந்த வாரம் அந்த இடத்தில் நின்று நிஜமாகவே ஆட்டம் ஆடியவனுக்குத்தான் பயிற்சி சேரும். முழுப் பலன் கிடைக்க வாரத்துக்கு 48 நிமிஷம் அந்த இடத்தில் ஆடியிருக்க வேண்டும்.

இனி கணக்கு. வாரத்துக்கு மூன்று ஆட்டம்: இரண்டு லீக், ஒன்று கோப்பை ஆட்டமோ நட்பு ஆட்டமோ. ஓர் ஆட்டம் 48 நிமிஷம். ஆக ஓர் இடத்தில் வாரத்துக்கு 144 நிமிஷம்தான் கையிருப்பு. ஓர் இடத்துக்கு மட்டும் பயிற்சி என்றால் மூன்று பேர். இரண்டு இடத்துக்கு என்றால் 288 நிமிஷம், ஆறு பேர்; ஆனால் ஒவ்வொருவனும் வளரும் வேகம் குறையும். ஐந்தாவது ஃபவுலில் இருக்கிறவன் ஆறாவதும் செய்து வெளியே போய்விட்டால் அந்த வாரப் பயிற்சி அரைகுறை. அதனால் ஒரே ஆளை அந்த இடத்துக்கு முதல் ஆளாகவும், மாற்று ஆளாகவும், அதற்கும் அடுத்த ஆளாகவும் போட்டு வைப்போம். வாரத்துக்கு ரொம்ப அதிக நிமிஷம் ஆடினாலும் உடல் தகுதி இறங்கும். இதெல்லாம் பழகிவிடும்.

பழகாத விஷயம் ஒன்று உண்டு. நான் முதல் இரண்டு சீசனில் செய்த தப்பு அது. ஒரு சீசன் என்பது 14 வாரம். டிராஃப்டில் 18 வயசில் 213 செ.மீ. உயரமாக ஒரு பையன் கிடைத்தான். ஏழடி! உயரமானவனுக்கு உள்ளே ஆடும் திறன்கள் (பக்கத்திலிருந்து போடுகிற ஷாட், உள் தடுப்பு, ரீபவுண்ட்) வேகமாக ஏறும். பந்தைத் தட்டுவது, பாஸிங், வெளித் தடுப்பு எல்லாம் மெதுவாக ஏறும். குள்ளமானவனுக்கு இது தலைகீழ். சரி, வேகமாக ஏறுவதையே கொடுப்போம் என்று சென்டரில் நிறுத்தி 28 வாரம் உள் ஷாட்டும் ரீபவுண்டும் மட்டும் கொடுத்தேன். எண்கள் ஏற ஏறப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த சீசன் தொடங்கினபோது சம்பளம் வந்தது. இந்த ஆட்டத்தில் சம்பளம் சீசனுக்கு ஒருமுறை, ஆளின் திறன்களை வைத்துத் திரும்பக் கணக்கிடப்படும். சென்டரின் சம்பளத்தை ஏற்றுவது பெரும்பாலும் அந்த உள் திறன்கள்தான். பாஸிங்கோ பந்தைக் கையாளுவதோ அதில் அவ்வளவாகச் சேராது. ஆனால் ஆட்டத்தில் சேரும். என் ஏழடிப் பையன் கையில் பந்து போனால் எதிரணி பறித்துக்கொண்டு போய்விடும். விலை உயர்ந்த ஆள், பாதி ஆட்டக்காரன். விற்கப் போட்டேன். அந்தச் சம்பளத்தைப் பார்த்து யாரும் கிட்டே வரவில்லை.

அனுபவசாலிகள் சொல்வது, உயரமானவனை முதல் இரண்டு மூன்று சீசன் பாயிண்ட் கார்டில் நிறுத்து என்று. 18 வயசில்தான் எல்லாமே வேகமாக ஏறும், வயசு கூடக்கூடக் குறையும். எனவே மெதுவாக ஏறுவதை வேகமான வயசில் முடித்துவிட வேண்டும் என்பது அவர்கள் காரணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் நிற்கவில்லை.

வயசால் வரும் வேகத்தையும் உயரத்தால் வரும் வேகத்தையும் பெருக்கினால் வார வளர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். வயசு வேகம் 18-இல் 1.0, 21-இல் 0.7. உயர வேகம் உள்ளே 1.2, வெளியே 0.8. (எண்கள் நானாகப் போட்டவை, கணக்குக்காக.) 18 வயசில் 28 வாரம், 21 வயசில் 40 வாரம் இருக்கிறது என்றால் இரண்டின் வயசு எடையும் 28. முதலில் வெளி, பிறகு உள்: 28 × 0.8, பிறகு 28 × 1.2. வரிசையை மாற்றினால் 28 × 1.2, பிறகு 28 × 0.8. கடைசியில் கிடைக்கும் ஆள் ஒரே ஆள்தான்! பெருக்கலில் எது முன்னே வந்தால் என்ன.

அப்படியென்றால் அனுபவசாலிகள் தப்பா? முடிவு சரி, காரணம்தான் வேறு என்று நினைக்கிறேன். ஒன்று சம்பளம். வெளித் திறன்களை முதலில் ஏற்றினால், சில சீசன் வரைக்கும் அவன் மலிவான ஆள். உள் திறன்களை முதலில் ஏற்றினால் அத்தனை சீசனும் பெரிய சம்பளம் கட்டிக்கொண்டே பாஸிங் சொல்லிக்கொடுக்க வேண்டும். இன்னொன்று, எதை இழக்கிறோம் என்பது. 18 வயசுக்காரன் எங்கே நின்றாலும் சுமார்தான். அவனைப் பாயிண்ட் கார்டில் நிறுத்துவதால் சென்டரில் நமக்குப் போவது ஒன்றுமில்லை. 22 வயசில், லீக்கிலேயே நல்ல சென்டராக இருக்கும்போது அவனைத் தூக்கி வெளியே நிறுத்தினால் ஒரே வாரத்தில் இரண்டு இடம் ஓட்டை. எனக்கு அந்தத் தைரியம் ஒரு தடவையும் வந்ததில்லை. "இந்த சீசன் போகட்டும், அடுத்த சீசன் பாஸிங் கொடுப்போம்" என்று சொல்லிச் சொல்லியே அவன் 26 வயசாகிவிட்டான்.

நடைமுறையில் வலி குறைய ஒரு வழி: மூன்று பேருக்குப் பதில் இரண்டு பேருக்கு மட்டும் பயிற்சி. ஒருவன் நட்பு ஆட்டத்தில், இன்னொருவன் லீக்கில் பலவீனமான எதிரியோடு. மிச்சமிருக்கும் கஷ்டமான லீக் ஆட்டத்துக்கு நிஜமான பாயிண்ட் கார்டு. 144-இல் 48 நிமிஷம் வீண்தான். ஆனால் லீக்கில் கீழே இறங்காமல் இருக்கலாம்.

நிஜ உலகத்தில் இதை யாரும் திட்டம் போட்டுச் செய்வது அபூர்வம். தற்செயலாக நடந்திருக்கிறது. ஆந்தனி டேவிஸ் பள்ளியில் ஆரம்பத்தில் கார்டு. இடையில் அரை அடிக்கு மேல் வளர்ந்து 6 அடி 10 அங்குலம் ஆனார். கார்டாகக் கற்றது கையிலேயே இருந்தது. 2012 டிராஃப்டில் முதல் தேர்வு அவர்தான். நம் பக்கத்தில் பஞ்சாபின் சத்னாம் சிங், 7 அடி 2 அங்குலம். 2015-இல் டல்லாஸ் மேவரிக்ஸ் 52-ஆவது ஆளாக எடுத்தது. என்பிஏ டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர். என்பிஏ ஆட்டம் ஒன்றுகூட ஆட வாய்ப்பு வரவில்லை. அதே 2015 இறுதிச் சுற்றில்தான் கோல்டன் ஸ்டேட் தன் ஏழடி சென்டரை உட்கார வைத்துவிட்டுக் குட்டையான அணியோடு ஆடி ஜெயித்தது. சென்டரும் ஓட வேண்டும், பாஸ் பண்ண வேண்டும், தூரத்திலிருந்து போட வேண்டும் என்று ஆட்டமே மாறிக்கொண்டிருந்த நேரம் அது.

இதை எழுத உட்கார்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. பொங்கலுக்குத் திருவதிகை போயிருந்தபோது அக்கா பையன், எட்டாவது படிக்கிறவன், என்னைவிட உயரமாக வந்து நின்றான். பள்ளி அணியில் சேர்ந்திருக்கிறானாம்.

"மாமா, சார் என்னைப் பந்தைத் தட்டவே விடமாட்டேங்கிறாரு. ரிங்குக்குக் கீழ நில்லு, ரீபவுண்ட் எடுத்துக் குட்டிப் பசங்ககிட்ட குடுத்துடுன்னு சொல்றாரு."

சாரைக் குறை சொல்லவும் முடியவில்லை. அவருக்கு அடுத்த மாதம் மாவட்டப் போட்டி. 18 வயசு ஏழடிக்காரனை 28 வாரம் ரிங்குக்குக் கீழே நிறுத்தின நான் என்ன சொல்ல?

"போட்டியில சார் சொன்ன எடத்துலயே நில்லுடா. சாயங்காலம் மட்டும் குட்டிப் பசங்களோட பசங்களா நின்னு தட்டு. இடது கையாலயும் தட்டு" என்றேன். பந்து வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டு வாசலில் தட்டுகிற சத்தம் தாங்கவில்லை என்று அக்கா போனில் திட்டுகிறாள்.

என் அணியில் இப்போது 18 வயசில் 211 செ.மீ. ஒருவன் இருக்கிறான். இந்த வாரம் பாஸிங், பாயிண்ட் கார்டு. சனிக்கிழமை லீக்கில் முதலிடத்தில் இருக்கிற அணியோடு ஆட்டம். நட்பு ஆட்டத்தில் பாவி ஆறு ஃபவுல் செய்து 31 நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டான். மீதி 17 நிமிஷத்துக்கு சனிக்கிழமை அவன்தான் பந்தைக் கொண்டுபோக வேண்டும்.