உடைந்த தெற்கு மதில்

முக்கோண வடிவில் ஒரு கோட்டை கட்ட யாருக்குத் தோன்றும்? ஸ்காட்லாந்தின் தென்மேற்கு மூலையில், டம்ஃப்ரீஸ் ஊருக்குத் தெற்கே சுமார் 13 கிலோமீட்டரில், நித் நதி கடலில் சேரும் சதுப்பு நிலத்தில் அப்படி ஒன்று நிற்கிறது. பெயர் கார்லாவராக். மூன்றே மதில்கள், அவற்றைச் சுற்றி நீர் நிறைந்த அகழி, செந்நிற மணற்கல் கட்டுமானம். மாலை வெயிலில் அந்தச் சிவப்பு அகழியில் விழுந்து கிடக்கும் அழகுக்கு ஸ்காட்லாந்தின் கோட்டைகளில் ஈடு சொல்வது கடினம். ஸ்காட் மொழியில் 'லாவராக்' என்றால் வானம்பாடி. அதனால் இதற்கு வானம்பாடிக் கோட்டை என்று பொருள் சொல்வோர் உண்டு.

வடக்கு வாசலில் நின்று பார்த்தால் முழுக்கோட்டை ஒன்று முன்னால் இருப்பதாகவே தோன்றும். ஒன்றோடொன்று ஒட்டினாற்போல இரண்டு பருத்த உருண்டைக் கோபுரங்கள், நடுவில் ஒடுங்கிய வாசல். அகழிக்கரை வழியாகச் சுற்றித் தெற்கே போனால் காட்சி மாறிவிடும். அங்கே மதிலையே காணோம். தென்கிழக்குக் கோபுரமும் இல்லை. கோட்டையின் உள்முற்றம் வானத்துக்கும் நமக்கும் திறந்து கிடக்கிறது. மழையும் காற்றும் செய்த வேலை அல்ல இது. மனிதர்கள் திட்டமிட்டு உடைத்தது. இந்தக் கோட்டையின் கதையே அந்த உடைப்பில்தான் இருக்கிறது.

முதலில் கட்டிய கதை. 1220 வாக்கில் இந்த நிலம் சர் ஜான் டி மேக்ஸ்வெல் என்பவருக்குக் கிடைத்தது. அவர் கட்டிய கோட்டை இப்போது இருப்பது அல்ல. இதற்குத் தெற்கே சுமார் 200 மீட்டர் தள்ளி, மரங்களுக்கு நடுவே அதன் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. ஏறக்குறைய சதுரமான சிறிய கோட்டை. ஈர மண் சுமை தாங்கவில்லை, சுவர்கள் அமிழ்ந்தன. ஐம்பது ஆண்டுக்குள் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. ஜானின் தம்பி மகன் ஹெர்பர்ட் காலத்தில்தான், வடக்கே தென்பட்ட பாறைத் திட்டின் மேல் இந்த முக்கோணம் எழுந்தது.

இதைக் கட்டியது யார் என்று அறிஞர்களுக்குள் வழக்கு இருந்தது. கோட்டை வாசல் வடக்கே, அதாவது ஸ்காட்லாந்தைப் பார்த்து இருக்கிறது. சால்வே கடற்கழிக்கு அப்பால் தெற்கே தெரிவது இங்கிலாந்து. ஆகவே ஆங்கிலேயர் படையெடுத்து வந்து இறங்கக் கட்டிய தளமாக இருக்குமோ என்று சிலர் ஐயுற்றார்கள். வழக்கைத் தீர்த்தது ஒரு மரத்துண்டு. அகழிச் சேற்றில் புதைந்திருந்த பழைய பாலத்தின் மரங்களை எடுத்து வளையங்களை எண்ணியபோது, அவை 1277-ஐ ஒட்டி வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. ஆங்கில மன்னரின் படையெடுப்பு 1296-இல்தான் தொடங்கியது. ஆக, இது மேக்ஸ்வெல்களே கட்டிய வீடு.

முக்கோணம் ஏன்? நான்கு மதிலைவிட மூன்று மதிலைக் காப்பதற்கு ஆள் குறைவாகப் போதும். மூலைக்கு ஒன்றாகக் கோபுரம். வடக்கு முனையில் மட்டும் இரட்டைக் கோபுரம், அதுவே வாசல். எதிரி எந்த மதிலை நெருங்கினாலும் இரு முனையிலிருந்தும் அம்பு பாயும். கோட்டையின் மிக வலுவான பகுதி எதுவோ அதையே வாசலாக்கி, அதன் மேல்தளத்தில் தலைவன் குடியிருக்கும் ஏற்பாடு அந்தக் காலத்துக் கட்டடக்கலையின் உச்சம். இழுபாலத்தைத் தூக்கி, இரும்பு முனை பதித்த கதவை மேலிருந்து இறக்கிவிட்டால், நுழைய வந்தவன் இரு கோபுரங்களுக்கு இடையே பொறியில் சிக்கிய எலிதான்.

இந்த ஏற்பாட்டுக்குச் சோதனை 1300 ஜூலையில் வந்தது. இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் சுமார் 3,000 பேரோடு வந்து சூழ்ந்தார். அவருடைய 16 வயது மகனும் படையில் ஒரு பிரிவை நடத்தி வந்தான். உள்ளே இருந்தவர்கள் ஏறத்தாழ 60 பேர். இந்த முற்றுகையை நமக்கு இவ்வளவு துல்லியமாகச் சொல்வது ஒரு பழைய பிரெஞ்சுக் கவிதை. முற்றுகையை ஒட்டிய காலத்திலேயே எழுதப்பட்ட அது, வந்த பிரபுக்கள் ஒவ்வொருவரின் கொடியையும் நிறம் நிறமாக வருணிக்கிறது. கோட்டையின் உருவத்தை மூன்று பக்கமுள்ள கேடயத்துக்கு ஒப்பிடுகிறது. இன்று போய் நின்றாலும் அந்த உவமை அப்படியே பொருந்துகிறது. எழுநூறு ஆண்டுக்கு முன் ஒருவர் கண்ணால் கண்டு எழுதியதும் இன்றுள்ள கல்லும் ஒத்துப்போவது எத்தனை கோட்டைகளுக்கு வாய்த்திருக்கிறது?

கல்லெறி பொறிகள் கார்லைலிலிருந்தும் லாக்மேபனிலிருந்தும் வந்தன. இரண்டே நாளில் உள்ளிருந்தவர்கள் சரணடைந்தார்கள். மன்னர் அவர்களுக்கு உயிர்ப்பிச்சை கொடுத்து ஆளுக்கொரு புத்தாடையும் கொடுத்தார் என்கிறது கவிதை. லேனர்காஸ்ட் மடத்தின் வரலாற்றுக் குறிப்போ பலரைத் தூக்கில் போட்டார் என்கிறது. கவிதை வென்றவர்களின் புகழ் பாட எழுந்தது; என் மனம் மடத்துக் குறிப்பின் பக்கமே சாய்கிறது.

அறுபது பேர் மூவாயிரம் பேருக்கு எதிராக நின்றதையே பெரிதாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பின்னால் நடந்தது. கோட்டையைப் பிடித்த எட்வர்ட் அதை இடிக்கவில்லை. தன் படையை வைத்துக்கொண்டார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, ஆங்கிலேயருக்காக அதைக் காத்துவந்த சர் யூஸ்டஸ் மேக்ஸ்வெல் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் பக்கம் சேர்ந்தார். உடனே ஆங்கிலப் படை வந்து முற்றுகையிட்டது. இம்முறை கோட்டை தாங்கியது. அதன்பின் யூஸ்டஸ் தன் கோட்டையைத் தானே குலைத்தார். ஸ்காட்லாந்தில் எந்தக் கோட்டையும் ஆங்கிலேயர் கையில் மறுபடி சிக்கிப் பயன்படக் கூடாது என்பது புரூஸின் போர்முறை. பிடித்த எதிரி விட்டுவைத்ததை உடைமைக்காரனே உடைத்தான்.

அடுத்த மூன்று நூற்றாண்டும் இதே நியாயம்தான் ஓடுகிறது. யாரிடம் இருந்தாலும் மற்றவனுக்கு இது ஆபத்து. கை மாறியது, மறுபடி கட்டப்பட்டது. தென்மேற்குக் கோபுரத்துக்கு மர்டாக் கோபுரம் என்று பெயர். ஸ்காட்லாந்தை ஆட்சிப் பொறுப்பாளராக ஆண்ட ஆல்பனி கோமகன் மர்டாக், 1425-இல் ஸ்டெர்லிங்கில் தலை வெட்டப்படுவதற்கு முன் இங்கே சிறையிருந்தார். 15-ஆம் நூற்றாண்டில் கோபுர உச்சியில் வெளியே துருத்தி நிற்கும் சுவர் சேர்ந்தது. அதன் அடியிலுள்ள துளைகள் வழியே கீழே நிற்பவன் தலையில் கல்லைப் போடலாம். 1570-இல் ஆங்கிலப் படை வந்து தகர்த்தது. மீண்டும் செப்பனிட்டபோது பீரங்கிக்கு அகன்ற வாய்ப் புழைகள் வந்தன. கவனித்துப் பார்ப்பவருக்கு ஒரே சுவரில் அம்புக் காலமும் வெடிமருந்துக் காலமும் தெரியும்.

1603-இல் இரு நாடுகளுக்கும் ஒரே மன்னர் ஆனார். எல்லைப் போர் ஓய்ந்தது. இனி எதற்கு அம்புப் புழை என்று நினைத்திருப்பார் போலும், முதலாம் நித்ஸ்டேல் பிரபு ராபர்ட் மேக்ஸ்வெல். கிழக்கு மதிலை ஒட்டி உள்முற்றத்தில் மூன்றடுக்கு மாளிகை ஒன்றைக் கட்டினார். அதில் பொறித்த ஆண்டு 1634. சன்னலுக்குச் சன்னல் வரிசை தவறாத இடைவெளி. ஒவ்வொன்றின் தலையிலும் முக்கோணமாகவோ அரைவட்டமாகவோ ஒரு சிற்பத் தலைப்பு. அவற்றில் குடும்பச் சின்னங்களும் கிரேக்க, ரோமானியப் புராணக் காட்சிகளும். வெளியே முரட்டுப் போர்க்கோட்டை, உள்ளே மறுமலர்ச்சிக் கால அரண்மனை முகப்பு. வாசலின் இருட்டைக் கடந்து முற்றத்துக்குள் வருபவரை அந்த முகப்பு இன்றும் திகைக்க வைக்கிறது. கூரை இல்லை, கண்ணாடி இல்லை. ஆனால் சிற்பங்கள் இருக்கின்றன.

அந்த மாளிகைக்கு ஆறு ஆண்டுதான் வாழ்வு. நித்ஸ்டேல் பிரபு கத்தோலிக்கர், முதலாம் சார்லஸ் மன்னரின் ஆள். மன்னர் ஸ்காட்லாந்தின் திருச்சபையில் தன் விருப்பப்படி வழிபாட்டு முறையைத் திணிக்க முயல, 1638-இல் அதை எதிர்த்து உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்கள் படை திரட்டினார்கள். 1640-இல் அவர்கள் கார்லாவராக்கைச் சூழ்ந்தார்கள். 200 பேர் அளவிலான காவற்படை 13 வாரம் தாக்குப்பிடித்தது. 1300-இல் இரண்டு நாள், 1640-இல் 13 வாரம். கடைசியில் மன்னரே சரணடைய அனுமதி கொடுத்த பிறகுதான் கதவு திறந்தது.

வென்றவர்கள் கட்டில், மெத்தை, திரைச்சீலைகளோடு 200 பவுன் பெறுமான நூல்களையும் எடுத்துக்கொண்டார்கள் என்பது பிரபு தரப்பின் முறையீடு. பிறகு தெற்கு மதிலையும் தென்கிழக்குக் கோபுரத்தையும் இடித்தார்கள். கோட்டையை முழுதாகத் தரைமட்டமாக்கத் தேவையில்லை. மூன்றில் ஒரு பக்கம் போனால் போதும், அது இனி கோட்டை அல்ல. மேக்ஸ்வெல்கள் பிறகு இங்கே குடியிருக்கவில்லை. 1946-இல் அரசின் பராமரிப்புக்கு வந்தது.

இந்தச் சதுப்பில் மனிதர் போன பின்பும் வந்துகொண்டிருப்பவை பார்னக்கிள் வாத்துகள். ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்ட் தீவுகளில் வாழும் அந்த இனக்கூட்டம் முழுதும் குளிர்காலத்துக்கு சால்வே கரைக்கு வந்துவிடுகிறது. அக்டோபருக்குப் பிறகு போனால் கோட்டைக்கு மேலே அவை கத்திக்கொண்டு பறப்பதைக் கேட்கலாம்.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வடக்கு வாசலில் படம் எடுத்ததும் திரும்பிவிடாதீர்கள். தெற்கே சுற்றி வந்து அந்த உடைப்பின் முன் நின்று பாருங்கள். அங்கிருந்து மரங்களுக்கு நடுவே 200 மீட்டர் நடந்தால் மண் விழுங்கிய முதல் கோட்டையின் அடித்தளத்தையும் பார்த்துவிடலாம்.